மேற்படி பதினெட்டுப் பேர்

வந்தவள் நீட்டிய துண்டுச்சீட்டில் ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே சுகிர்தாவுக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. தெபோராகுளம், 1951. முழங்கால் வலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐம்பத்தேழு வயதில் முழங்கால் ஒரு நல்ல சாக்கு, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். ஆனால் எதிரே நின்றவளின் கண்கள் அழுது வீங்கியிருந்தன, சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பக்கூடிய கண்கள் இல்லை. மாரிச்செல்வி என்று பெயர் சொன்னாள். அவளுடைய அம்மா ஏசுவடியாள் விடியற்காலையில் இறந்துபோயிருந்தாள், எண்பது வயது. அம்மா வேதக்காரி, வாழ்க்கைப்பட்டுப் போன இடம் இந்து. புருஷன் போன பிறகு பிறந்த ஊருக்கே திரும்பி வந்து ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவள். இப்போது அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கலாமா கூடாதா என்று சபைக் கமிட்டி உட்கார்ந்து பேசி, ஞானஸ்நானம் வாங்கியதற்கு அத்தாட்சி இருந்தால் வைக்கலாம், இல்லையென்றால் ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். "ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம் யக்கா. அஞ்சு மணிக்குள்ள பேப்பரு வந்தா தோட்டத்துல வைக்கலாம்னு பாதிரி ஐயரு சொல்லுதாவ," என்றாள். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால் ஆகியிருந்தது. ஊருக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுச் சுகிர்தா சாவிக்கொத்தை எடுத்தாள்.

ஆவண அறை, சுற்றுவட்டச் சபைகளுக்கெல்லாம் தலைமையான திருமண்டல அலுவலகத்தின் பின்பக்கம். துரைமார் காலத்தில் குதிரை கட்டிய இடம் என்பார்கள். குதிரைகள் போனபின் புத்தகங்கள் வந்தன, புத்தகங்களைத் தேடிக் கரையான் வந்தது, கரையானைத் தேடிச் சுகிர்தா வந்தாள், முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது, இரண்டு பேரில் கரையான்தான் இன்னும் திடமாக இருக்கிறது. கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. தும்மல் வருவதுபோல வந்து, அவள் கைக்குட்டையை எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு, வராமல் போயிற்று. வராத தும்மலைப்போல அலுப்பூட்டுவது உலகத்தில் வேறில்லை. சுவர் முழுக்கச் சேகரம் சேகரமாக, அதாவது ஒரு குருவானவர் பொறுப்பில் இருக்கும் ஊர்கள்வாரியாகப் புத்தகங்கள், ஒவ்வொரு சேகரத்துக்கும் மூன்று வகை, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். ஒரு மனுஷனைப் பற்றிச் சபைக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான் போலிருக்கிறது, நடுவில் அவன் எதற்குச் சிரித்தான், யாரோடு பேச்சை முறித்தான் என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. அவள் பேருக்கு என்ன எழுதுவார்கள்? அடக்கத்துக்கு இன்னும் நாளிருக்கிறது, அதற்கு முன்னால் மார்ச் முப்பத்தொன்று வருகிறது, ஓய்வு, பொன்னாடை, மேடையில் ஒரு நாற்காலி. இன்னும் இரண்டே மாதம். இரண்டு மாதம் கழித்து இந்த மாரிச்செல்வி வந்திருக்கக்கூடாதா, கிழவி இரண்டு மாதம் பொறுத்திருக்கக்கூடாதா என்று நினைத்து, இது என்ன நினைப்பு என்று அவளுக்கே கூசியது. செத்தவளைப் போய்ப் பொறுத்திருக்கச் சொல்கிறேனே. விரல்கள் தாமாகவே மூன்றாவது அலமாரியின் நடுத்தட்டுக்குப் போய்த் தெபோராகுளம் புத்தகத்தை இழுத்தன. கனம் மணிக்கட்டில் இறங்கியது. மேசைக்குக் கொண்டுபோகும்போதே அவளுக்குத் தெரியும், எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, அதில் என்ன இருக்கிறது என்றெல்லாம் தெரியும். தெரிந்தும், முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். எவ்வளவு மெதுவாகப் புரட்டினாலும் 1951 வரத்தான் செய்யும்.

இது அசல் புத்தகம் இல்லை. அசல் கரையான் தின்று மீந்ததாக இருந்தது, தொட்டால் விரலில் மாவாக ஒட்டும். தொண்ணூற்று நாலில் அப்படி நாற்பத்து மூன்று புத்தகங்களைப் புதிதாக எழுதச் சொன்னார்கள், எழுதியவள் சுகிர்தா. பழையதை இடது பக்கம் வைத்து, கீழே ஒரு கண்ணாடித் தகடு, வரிக்கு வரி ஸ்கேலை நகர்த்திக்கொண்டு, காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை எழுத்து, எழுத்து, எழுத்து. ராத்திரி கண்ணை மூடினால் இமைக்குள் யோவான், பழைய பெயர் சுடலைமுத்து, தகப்பன் பெயர் இன்னது, வயது இன்னது என்று வரிகள் ஓடும். எழுதி முடித்த அசல்களைக் கமிட்டி தீர்மானம்போட்டு இந்தக் கட்டடத்துக்குப் பின்னாலேயே எரித்தார்கள். பேர்கள் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது, எரிப்பதுதான் மரியாதை என்று ஒரு கமிட்டி மெம்பர் சொன்னார். பக்கத்தில் நின்று குச்சியால் கிளறிவிட்டதும் அவள்தான். ஒன்றும் மிச்சமில்லாமல் எரிகிறதே என்று அன்றைக்கு ஒரு திருப்தி வேறு. தெபோராகுளம் புத்தகத்தை எழுதிய வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வாரத்தில் ஒரு துக்கம், ஒரு காய்ச்சல், வீட்டில் ஒரு சண்டை, ஏதாவது இருந்ததா என்று இந்த எட்டு வருஷமாக எத்தனையோ தடவை துழாவிப் பார்த்துவிட்டாள். ஒன்றும் இல்லை. துக்கத்தில் செய்த தப்பென்றால் சொல்லிக்கொள்ளவாவது செய்யலாம். அந்த வாரம்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று, அவர் போட்டோவை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு பத்து வரிக்கு ஒருதரம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் தலைக்கேறி இருந்தாள், அவ்வளவுதான் நடந்தது. போட்டோவில் சுருட்டை முடியோடு சிரித்தவர் இப்போது வீட்டில் சர்க்கரை மாத்திரையைத் தேடிக்கொண்டிருப்பார், அது ஃபிரிட்ஜின் மேலேதான் இருக்கும். அவரைக் குறை சொல்லி என்ன, இழுப்பறையைத் திறக்கச் சொன்னது அவரில்லையே.

பக்கம் வந்துவிட்டது. பத்தொன்பது பேர், ஒரே தேதி, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு. முதல் வரியில் மாடத்தி, வயது நாற்பது, கடைசிக் கட்டத்தில் குறிப்பு: ஒத்திவைக்கப்பட்டது. அவளுக்குக் கீழே பதினெட்டு வரிகள், பதினெட்டுக்கும் குறிப்புக் கட்டத்தில் ஒரே ஒரு எழுத்து, ஷெ, ஷெ, ஷெ, ஷெ. மேற்படி என்பதைச் சுருக்கிப் பத்திரத்திலும் பதிவேட்டிலும் எல்லாரும் எழுதுகிற ஷெ. மேலே சொன்னதேதான் இங்கும் என்று அர்த்தம். மாடத்திக்கு ஒத்திவைக்கப்பட்டது, மேற்படி, மேற்படி, மேற்படி. பதினோராவது வரியில் ஏசுவடியாள், பழைய பெயர் இசக்கியம்மாள், வயது ஏழு, மேற்படி. அதாவது இந்தப் புத்தகத்தின்படி அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, ஒத்திவைத்துவிட்டார்கள். அப்படித்தான் சுகிர்தா படித்தாள், அப்படித்தான் எழுதினாள். பத்தொன்பது பேரையும் ஒத்திவைப்பதற்கு ஒரு குருவானவர் மெனக்கெட்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்கு எதற்குப் போனார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, இழுப்பறையைத் திறந்தாள். அந்தக் குருவானவர் பெயர் ஷெபர்ட் ஞானாபரணம். வழக்கமாக அந்தச் சேகரத்தைப் பார்த்தவர் சீக்காகக் கிடந்தபோது எட்டு மாதம் மட்டும் வந்துபோனவர், மற்ற யாரும் "கொடுக்கப்பட்டது" என்று முழுசாக எழுதுவார்கள், இவர் சுருக்கக்காரர். உபதேசியார் முன்கூட்டியே எழுதிவைத்த பெயர்ப் பட்டியலில், தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஷெ. ஷெ. ஷெ. இதோ இவருக்குக் கொடுத்தேன், இதோ இவளுக்குக் கொடுத்தேன். மாடத்தியின் புருஷனுக்கு இரண்டு தாரம், அதைத் தீர்த்துவிட்டு வா என்று அவளை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்திருக்கும். அந்தப் புள்ளியைக் கரையான் தின்றதோ, அவள் தின்றாளோ, கேட்டுத் தெரிந்துகொள்ள அசல் இல்லை.

இது தெரிந்து எட்டு வருஷம் ஆகிறது. வேறொரு சேகரத்தின் திருமணப் பதிவேட்டை யாருக்கோ தேடும்போது, ஒரு பக்கத்தின் அடியில் ஷெபர்ட் ஞானாபரணம் என்று கையெழுத்து, அதே பக்கத்தில் வயதை அடித்துத் திருத்தியிருந்த இடத்தின் ஓரத்தில் "ஷெ." என்று இருந்தது. புள்ளியோடு. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு புத்தகத்தை மூடி நாலாவது அலமாரியின் உச்சித்தட்டில், ஸ்டூல் போட்டால்தான் எட்டுகிற இடத்தில் வைத்தாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். மறுநாள் யாரிடமாவது சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாள் செயலருக்கு மீட்டிங், அதற்கு மறுநாள் அவருக்குக் கோபம், அப்புறம் கிறிஸ்மஸ், அப்புறம் தேர்தல். திருமண்டலத் தேர்தல் என்றால் சும்மாவா, இரண்டு கட்சியும் வக்கீலைக் கூடவே கூட்டிக்கொண்டு அலைகிறார்கள், ஒரு பக்கத்தில் பிழை என்று அவள் வாயைத் திறந்தால் போதும், அவள் எழுதிய நாற்பத்து மூன்று புத்தகமும் பொய் என்று கோர்ட்டில் அடுக்கிவிடுவார்கள், எத்தனை பேருடைய அப்பன் பாட்டன் வாக்குரிமை எல்லாம் அதில் கிடக்கிறது. இதெல்லாம் காரணம்தான், நல்ல காரணம்தான், ஆனால் ராத்திரி முழிப்புத் தட்டும்போது இவற்றில் ஒன்றும் பக்கத்தில் வந்து படுப்பதில்லை. பயம் மட்டும் வரும். யாராவது வருவார்கள், தெபோராகுளம் என்பார்கள். ஒவ்வொரு தடவை வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதும் தெபோராகுளமாக இருக்கக்கூடாது என்று நினைத்து நினைத்துக் களைத்துப்போனாள். எட்டு வருஷத்தில் அப்படி ஒருவரும் வரவில்லை, இனி வரமாட்டார்கள், இரண்டே மாதம் என்று மூச்சு விட்டிருந்தாள். திருமண்டலத்தின் அடுத்த மாத இதழுக்கு அவளைப் பற்றி நாலு வரி எழுதி நேற்றுத்தான் காட்டினார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு பிழையும் இன்றிப் பணியாற்றிய சகோதரி என்று இருந்தது. எழுத்துப்பிழை ஏதாவது இருந்தால் திருத்திக் கொடுங்கள் என்றார்கள். அவள் ஒரு கமாவைத் திருத்திக் கொடுத்தாள்.

சன்னல் வழியாகப் பெஞ்சு தெரிந்தது. மாரிச்செல்வி போனில் பேசிக்கொண்டிருந்தாள், தேடிட்டு இருக்காவ, இந்தா கெடச்சிரும் என்று யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே சன்னலைப் பார்த்தாள், சுகிர்தா சட்டென்று குனிந்துகொண்டாள், குனிந்த பிறகு எதற்குக் குனிந்தோம் என்றிருந்தது. மணி இரண்டு ஐம்பது. வழியெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். பதிவு இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம், புத்தகம் அதைத்தான் சொல்கிறது, ஒருவரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது. கிழவி சுடுகாட்டுக்குப் போவாள், செத்தவளுக்கு எங்கே என்றால் என்ன. அப்படிச் சொல்கிற வாயை முதலில் தைக்கவேண்டும். அல்லது ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது என்று மட்டும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிடலாம், அது உண்மையும்கூட, தெபோராகுளத்துக் கமிட்டி இங்கே வந்தா புத்தகத்தைப் பார்க்கப்போகிறது, கிழவி தோட்டத்தில் படுப்பாள், சுகிர்தா பொன்னாடை போர்த்திக்கொள்வாள், எல்லாருக்கும் நல்லது. ஒரு தாளை எடுத்து அப்படித்தான் எழுதினாள். எழுத இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முத்திரையைக் கையில் எடுத்தபோது பன்னிரண்டாவது வரியில் கண் போய் விழுந்தது. மரியநேசம், வயது மூன்று, மேற்படி. இருந்தால் எழுபத்தாறு வயது. அதற்கும் கீழே ஒரு கைக்குழந்தை, பேறுதங்கம். இவர்களுக்குப் பெட்டி வரும்போது இந்த நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள், அவர் நல்ல மனுஷராகத்தான் இருப்பார், புத்தகத்தைப் பார்த்துப் படித்துப் பதிவு இல்லை என்று நேர்மையாகச் சொல்லுவார். புள்ளியைப் பற்றி அவருக்கு யார் சொல்வார்கள்? சொல்லக்கூடிய ஒரே ஆள் ஓய்வு பெற்று வீட்டில் புருஷனுக்கு மாத்திரை தேடிக்கொண்டிருப்பாள். சுகிர்தாவுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை, சுருக்கக்காரரான அந்த ஷெபர்ட் ஐயர்மேல் கொஞ்சம், கரையான்மேல் கொஞ்சம். முழுப்பெயர் எழுதினால் மை தீர்ந்துபோகுமா அந்த மனுஷனுக்கு.

முதல் தாளை இரண்டாகக் கிழித்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள், முழங்கால் உண்மையாகவே கத்தியது. உச்சித்தட்டிலிருந்து திருமணப் பதிவேட்டை இறக்கி, ஷெபர்ட் ஞானாபரணத்தின் பக்கத்தைத் திறந்து தெபோராகுளத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவது தாளில் எழுத ஆரம்பித்தாள். ஏசுவடியாள், பழைய பெயர் இசக்கியம்மாள், ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது, கொடுத்தவர் இன்னார். கீழே குறிப்பு: பதிவேட்டில் காணப்படும் "ஷெ" என்பது மேற்படி என்ற பொருளில் அல்ல, குருவானவரின் பெயர் முதலெழுத்து. நகலெடுத்தபோது இதை நான் தவறாக வாசித்தது தற்போது தெரியவந்துள்ளது. இதே பக்கத்தில் உள்ள மற்ற பதினேழு பேருக்கும் இது பொருந்தும். கையெழுத்துப் போட்டாள், முத்திரை குத்தினாள், செயலரின் மேசைக்கு ஒரு நகலும் எடுத்துவைத்தாள். நாளைக்கு அவர் பார்ப்பார், அப்புறம் கமிட்டி பார்க்கும், அப்புறம் வக்கீல்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். பெரிய பாரம் இறங்கியதுபோல இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, பசித்தது, டிபன்பாக்ஸில் இரண்டு இட்லி மிச்சம் இருப்பது நினைவு வந்தது. ஆனாலும் செய்துவிட்டோம் என்று ஒரு சின்னப் பெருமை, அதை ஏன் மறைக்கவேண்டும், இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மாரிச்செல்வி இரண்டு கையாலும் வாங்கினாள். இதில் அம்மா பெயர் எங்கே என்று கேட்டாள், சுகிர்தா விரலை வைத்துக் காட்டினாள். வாங்கியிருக்கிறாள் என்றுதான் எழுதியிருக்கிறதா, நிச்சயமாகவா என்று கேட்டாள். ஆமாம்மா, வாங்கியிருக்காங்க என்றாள் சுகிர்தா. தாளை வாங்க எழுந்திருந்த மாரிச்செல்வி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள், அழவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்லயே சொன்னா பாக்காமலே அனுப்பிருவியளோன்னுதான் சொல்லல யக்கா," என்றாள். "ஊருக்கு வந்த புதுசுல எங்கம்மை இந்த ஆபீசுக்கு ஒரு லெட்டர் போட்டா. ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்கலன்னு பதில் வந்துச்சு. ஐயரு, அதுக்கென்ன இப்ப வாங்கிக்கிடுங்கன்னுதான் சொன்னாவ. இவ மாட்டேன்னுட்டா. வாங்குனேன்னு தலை சொல்லுது, வாங்கலன்னு பேப்பரு சொல்லுது, ரெண்டாந்தரம் வாங்குனா மொதத்தரம் வாங்குனது பொய்யாயிருமேம்பா. அதோட நற்கருணைக்கு முன்னால போறதையும் விட்டுட்டா. எல்லாரும் எந்திரிச்சு வரிசையா போவும்போது இவ மட்டும் கடைசிப் பெஞ்சுல இருப்பா. பதினஞ்சு வருசம்."

அந்தக் கடிதம் சுகிர்தாவுக்கு நினைவில்லை. வருஷத்துக்கு நூறு கடிதம் வரும், நூற்றுக்கும் புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுதுவாள். பதினைந்து வருஷம். அதில் முதல் ஏழு வருஷம் தெரியாமல் போனது. பிறகு எட்டு வருஷம், ஒவ்வொரு மாதமும் நற்கருணை கொடுக்கும் முதல் ஞாயிறு, தெபோராகுளத்துக் கோயிலின் கடைசிப் பெஞ்சில் ஒருத்தி தன் தலையில் விழுந்த தண்ணீரை நம்புவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தாள். அதே ஞாயிறுகளில் இங்கே சுகிர்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் போய் முழங்காலில் நின்று அப்பத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதில் எழுதினது நான்தாம்மா," என்றாள்.

"தெரியும் யக்கா, அடியில பேரு இருந்துச்சுல்லா." மாரிச்செல்வி தாளை மடிக்கப்போய், மடிக்காமல் வைத்துக்கொண்டாள். "அந்த லெட்டரை பைபிளுக்குள்ளேயே வச்சிருந்தா. பாக்க வாறவுகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவா. எழுத்து முத்து முத்தா எப்படி இருக்கு பாரு, இப்படி எழுதுதவுக தப்பா எழுதுவாவளா, நாந்தான் சின்னதுல கனாக் கண்டிருப்பேன்னு சொல்லுவா."

மூன்று இருபதுக்குப் பஸ். அவள் கும்பிட்டுவிட்டு வராந்தாப் படியில் இறங்கினாள். சுகிர்தா இரும்மா என்றாள். ஒரு வார்த்தை தப்பாக இருக்கிறது, அதைத் திருத்தித் தருகிறேன் என்று தாளைக் கேட்டு வாங்கினாள். அடித்தல் இருந்தால் கமிட்டியில் ஒத்துக்கொள்வார்களா என்று மாரிச்செல்வி பயந்தாள். இதனால் உன் அம்மா காரியத்துக்கு ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டு, நின்றபடியே சன்னல் விளிம்பில் தாளை வைத்துக்கொண்டு, தற்போது என்ற சொல்லை அடித்தாள். மேலே இருந்த கொஞ்ச இடத்தில், எட்டு ஆண்டுகளுக்கு முன்பே எனக்கு, என்று எழுதினாள். இடம் போதாமல் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அதைத் திருப்பி அழகாக எழுத அவளுக்குத் தோன்றவில்லை.